ஜோடியாக ஷிபாரி பழகுவது எப்படி: சிங்கப்பூரில் தனி வகுப்புக்குப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஷிபாரி என்பது ஜப்பானிய முறையில் ஒருவர் மற்றவரைக் கயிற்றால் கட்டும் கலை. அதற்கு முடிச்சு போடப் பழகுவதற்கு யாரும் காசு கொடுத்து வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. கைப்பேசியைத் திறந்தால் வேண்டிய முடிச்சு எல்லாம் சும்மாவே கிடைக்கிறது. பிறகு எதற்காக ஒரு ஜோடி, சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, மணிக்கு இத்தனை வெள்ளி என்று கொடுத்து, தனி வகுப்புக்குப் போக வேண்டும்?

கட்டுகிறவர் கண்ணெல்லாம் முடிச்சின் மேல் இருக்கும். கட்டப்படுகிறவர் பாதி நேரம் கண்ணை மூடியிருப்பார். விரல் நிறம் மாறுவதையும், தோள் மெல்ல முன்னால் சரிவதையும், "சரி" என்ற சொல் கொஞ்சம் தாமதமாக வருவதையும் அந்த நேரத்தில் யார் கவனிப்பது? அதற்குத்தான் ஆசிரியர். நீங்கள் கொடுக்கும் காசு முடிச்சுக்கு அல்ல, அந்தப் பார்வைக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த ஆசிரியரிடம் போவது, எதைக் கேட்பது, எதை வேண்டாம் என்று சொல்வது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

கணவன் மனைவி என்று எழுதியிருக்கும் இடங்களில் உங்களுக்குப் பொருந்தும்படி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். வயது வந்த, விருப்பமுள்ள எந்த இருவருக்கும் இது பொருந்தும்.

இந்தக் கலை வந்த வழி

ஜப்பானில் எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, கைதிகளைக் கயிற்றால் கட்டுவது ஒரு தற்காப்புக் கலையாகவே வளர்ந்திருந்தது. ஹோஜோஜுட்ஸு என்று பெயர். இன்று நாம் ஷிபாரி, கின்பாகு என்று சொல்வது அதிலிருந்து வெகுதூரம் விலகி வந்துவிட்டது. 1882இல் பிறந்து 1961இல் மறைந்த இடோ செய்யு என்ற ஓவியர்தான் கட்டப்பட்ட உடலை ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் கொண்டுவந்து, இதன் இன்றைய வடிவத்துக்கு அடி போட்டவர் என்று பெரும்பாலும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பத்திரிகைகள் வழியாகப் பரவி, பிறகு மேடைக்கும் போய், இணையம் வந்தபின் உலகம் முழுக்கச் சென்றுவிட்டது.

வகுப்புக்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இணையத்தில் உங்கள் கண்ணில் முதலில் படும் படங்களில் ஆள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பார். அது இந்தக் கலையின் ஒரு கிளை மட்டும். பல வருடம் பழகியவர்களின் வேலை. 2016இல் காலமான யுகிமுரா ஹாருகி போன்றவர்கள் வளர்த்த வழி வேறு. தரையில் உட்கார்ந்து, குறைந்த கயிறு, குறைந்த முடிச்சு, கட்டும்போதே இருவருக்கும் இடையே நடக்கும் பேசாத பேச்சு. ஜோடிகளுக்கு அதுதான் தோது. தரையை விட்டு எழும்பாத வகுப்பைத் தேடுங்கள்.

வீட்டில் பேச்சை எடுப்பது

பலருக்கு முடிச்சைவிடக் கஷ்டமானது இதுதான். படுக்கையில் வைத்துக் கேட்காதீர்கள். அங்கே கேட்டால் மறுப்பதற்கு இடம் குறைவு. சண்டை முடிந்து சமாதானம் ஆகும் நேரத்திலும் வேண்டாம். அப்போது "சரி" என்பது சமாதானத்துக்குச் சொல்லும் சரியாக இருந்துவிடும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நடக்கப் போகும்போது, பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டு, முகம் பார்க்காமல் பேசுவது சுலபம். "இப்படி ஒண்ணு படிச்சேன், உனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் இரண்டு வாரம் கழித்து வரலாம். "வேண்டாங்க" என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை அதையே கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் நச்சரிப்பு.

ஒருவருக்கு ஆசை, இன்னொருவருக்கு வெறும் ஆர்வம் என்றால் போகலாம். ஒருவருக்கு ஆசை, இன்னொருவருக்குப் பயம் என்றால் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே கைநீட்டல் இருந்தாலோ, ஒருவர் பணத்தையும் கைப்பேசியையும் மற்றவர் பிடியில் விட்டுவிட்டு வாழ்கிறார் என்றாலோ, கயிறு அந்த வீட்டுக்குள் போகவே கூடாது. அங்கே தேவைப்படுவது 1800-777-0000 என்ற தேசிய வன்முறை எதிர்ப்பு உதவி எண்.

உடம்பைப் பற்றி உள்ளதை உள்ளபடி

நல்ல ஆசிரியர் வகுப்புக்கு முன்பே உங்கள் உடல்நிலையைக் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

முதலில் நீரிழிவு. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் சர்க்கரை அதிகம் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பல வருடச் சர்க்கரை நரம்புகளை நலிய வைத்துவிடும். மற்றவருக்கு மரத்துப்போவது தெரியும் இடத்தில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம்; நரம்பு அழுத்தத்தைத் தாங்கும் சக்தியும் குறைந்திருக்கும். கால் எரிச்சல், பாதம் மரத்தல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கட்டப்பட உட்காரக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் நிலையும் அப்படித்தான். ஆஸ்துமா இருந்தால் மார்பைச் சுற்றிய கட்டு எதுவும் வேண்டாம், உறிஞ்சு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காரும் நம்மவர்கள் பலர் மறந்துவிடுவது மணிக்கட்டை. ராத்திரியில் கை மரத்து எழுந்து உதறும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மணிக்கட்டு நரம்பு ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறது என்று பொருள். அங்கே கயிறு வேண்டாம். பழைய தோள்பட்டை விலகல், கிரிக்கெட்டில் வந்த வலி, எதுவும் சின்ன விஷயம் இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோகும் கட்டுகளில் முதலில் குரல் கொடுப்பது தோள்தான்.

அப்புறம் நகை. வளையல், மோதிரம், மெட்டி, மூக்குத்தி, தொங்கும் காதணி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலியைக் கழற்ற விருப்பமில்லாத பெண்கள் உண்டு. கழற்றச் சொல்லி வற்புறுத்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை, கணவருக்கும் இல்லை. ஆனால் கழுத்துச் சங்கிலிமேல் கயிறு மாட்டினால் அது கழுத்தை இழுக்கும். அப்படிப்பட்டவர்கள் மார்புக் கட்டைத் தவிர்த்துவிட்டு, கைக்கட்டு கால்கட்டோடு நிறுத்திக்கொள்வதாக முதலிலேயே சொல்லிவிடலாம். கற்றுக்கொள்ள அதிலேயே நிறைய இருக்கிறது.

ஆசிரியரைப் பொறுக்கி எடுப்பது

இந்தக் கலைக்கு அரசாங்கச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் சட்டகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கேள்வி கேளுங்கள். யாரிடம் கற்றீர்கள்? நீங்களே கட்டப்பட்டுப் பழகியிருக்கிறீர்களா? முதலுதவிப் பயிற்சி எப்போது எடுத்தீர்கள்? உங்கள் வகுப்பில் யாருக்காவது நரம்பு பாதித்ததா, அப்போது என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்விதான் சல்லடை. பல வருடமாகக் கட்டுகிறவர் "ஒருமுறைகூட எதுவும் ஆனதில்லை" என்று சொன்னால் அவர் கவனிக்கவில்லை, அல்லது மறைக்கிறார். எப்படி நடந்தது, என்ன மாற்றிக்கொண்டார் என்று விவரமாகச் சொல்பவரிடம் போங்கள்.

அடுத்து, யார்மேல் செய்து காட்டுவார் என்று கேளுங்கள். தன் உதவியாளர்மேல் காட்டிவிட்டு, உங்கள் இருவரையும் ஒருவர்மேல் ஒருவர் செய்யவிட்டு, பக்கத்தில் இருந்து திருத்துபவர் நல்லது. உங்கள் துணையின் கையில் திருத்த வேண்டி வந்தால் "தொடலாமா?" என்று அவரிடம்தான் கேட்க வேண்டும், உங்களிடம் அல்ல. இந்தச் சின்ன நடத்தை ஆசிரியரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

முழு உடையோடுதான் வகுப்பு. உடலோடு ஒட்டிய பருத்தி டீ சட்டை, யோகா காற்சட்டை போதும். துப்பட்டா வேண்டாம். உடையைக் குறைத்தால்தான் கலை என்று சொல்பவர், பெண்ணை மட்டும் தனியாக ஒருநாள் வரச் சொல்பவர், "பதிவுக்காக" படம் எடுப்பவர், முதல் வகுப்பிலேயே தொங்கவிட்டுக் காட்டுகிறேன் என்பவர் ஆகிய நால்வருக்கும் ஒரே பதில்: நன்றி, வருகிறோம்.

கட்டணம் ஜோடிக்கா, ஆளுக்கா, கயிறு அதில் சேர்ந்ததா, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்புக்கு முன், கயிறு எதுவும் இல்லாமல் ஒரு காப்பிக் கடையில் சந்திக்கச் சம்மதிப்பவர் என்றால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிறேன் என்பார்கள் சிலர். முதல் சில வகுப்புகளுக்கு அவர் இடத்துக்கே போய்விடுங்கள். பிடிக்காவிட்டால் எழுந்து வருவது, வீட்டுக்கு வந்தவரை வெளியே அனுப்புவதைவிட லேசு.

சட்டம் பற்றிக் கொஞ்சம்

சிங்கப்பூர்க் குற்றவியல் சட்டத்தின் 87ஆம் பிரிவு, 18 வயதைத் தாண்டியவர் மனமொப்பிச் சம்மதித்த செயலில் ஏற்படும் தீங்கைக் குற்றத்திலிருந்து விலக்குகிறது. ஆனால் மரணமோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்று தெரிந்து செய்ததற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கணவன் என்பதற்காக மனைவியின் சம்மதம் இல்லாமல் நடந்துகொள்ளலாம் என்ற பழைய விலக்கும் 2020 ஜனவரி 1 முதல் இல்லை. சம்மதம் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டியது, எந்த நிமிடமும் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியது.

படம், காணொளி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் பரப்புவதோ, பரப்புவேன் என்று மிரட்டுவதோ இங்கே குற்றம். ஆபாசப் படம் என்று கருதப்படும் காணொளியை வைத்திருப்பதே திரைப்படச் சட்டப்படி சிக்கல். நினைவுக்கு ஒரு படம் வேண்டுமென்றால் கட்டிய முன்கையையும் கயிற்றையும் மட்டும், முகம் தெரியாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கைப்பேசியிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குத் தவறிப் போகும் தூரம் ஒரு விரல் தட்டுதான்.

கயிறு

வழக்கமான அளவு 6 மில்லிமீட்டர் தடிமன், 7 முதல் 8 மீட்டர் நீளம். மூன்று பிரி முறுக்கிய சணல். தொடக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று கயிறு போதும். ஜப்பானியக் கலை என்றாலும் சணல் பெரும்பாலும் விளைவது வங்காளத்தில், இந்தியாவிலும் பங்களாதேஷிலும்.

சணலை விரும்பக் காரணம் அதன் சொரசொரப்பு. கயிறு கயிற்றைப் பிடித்துக்கொள்வதால் முடிச்சு குறைவாகப் போதும். முடிச்சு குறைந்தால் அவிழ்ப்பது விரைவாகும். இழுத்தால் நீளாது. நைலான் வழவழப்பானது, முடிச்சு நழுவும், வேகமாக இழுத்தால் தோலைச் சுடும். பருத்தி மெத்தென்று இருக்கும், தோல் அலர்ஜி உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் பாரம் விழுந்தால் முடிச்சு இறுகிப் போய் அவிழ்க்க முடியாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வன்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும் மூட்டை கட்டும் சணலை வாங்காதீர்கள். ஆலையில் நாரை மென்மையாக்கக் கனிம எண்ணெய் சேர்ப்பதால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். தடிமனும் ஒரே சீராக இருக்காது. இதற்கென்றே பதப்படுத்திய கயிறு விலை கூடத்தான், ஆனால் அது உடம்பில் படப்போகிற பொருள். முதல் வகுப்பில் ஆசிரியரின் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கயிற்றோடு கூடவே வாங்க வேண்டியது முனை மழுங்கிய கத்தரி. அவசர மருத்துவ உதவியாளர்கள் துணியை வெட்டப் பயன்படுத்துவார்களே, அந்த வகை. அது கட்டுகிறவரின் கைக்கெட்டும் இடத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் ஒருமுறை பழைய கயிற்றை அதனால் வெட்டிப் பாருங்கள். வெட்டாத கத்தரியை அவசரத்தின்போதுதான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை.

முதல் வகுப்பு

வயிறு காலியாகவும் போகாதீர்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். மது வேண்டாம், ஒரு கோப்பைகூட. கட்டுகிறவருக்கு நகம் வெட்டியிருக்க வேண்டும். கட்டப்படுகிறவர் போவதற்கு முன் கழிவறைக்குப் போய்விட்டு வர வேண்டும். சிரிப்பு வரலாம், ஆனால் பாதியில் அவிழ்க்க நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் கால்மணி நேரம் பேச்சில் போக வேண்டும். எங்கே தொடலாம், எங்கே கூடாது, எது வந்தால் நிறுத்துவது. நிறுத்தச் சொல் ஒன்றை முடிவு செய்வார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வைத்துக்கொள்வது எளிது. "வேணாம்", "விடுங்க" போன்றவை சிரிப்பிலும் வரும் என்பதால் வழக்கமாகப் பேச்சில் வராத ஒன்றை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. "பொத்தோங் பாசிர்" என்று ஒரு வட்டாரத்தின் பெயரை வைத்துக்கொண்டால் யாரும் கொஞ்சலாக அதைச் சொல்லப்போவதில்லை. பேச முடியாத நிலைக்கு, கையில் ஒரு சாவிக்கொத்து. கீழே போட்டால் எல்லாம் நிற்கும்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் உங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மனைவி உள்ளே ஒன்று நினைத்துக்கொண்டு ஆசிரியர் முன்னால் "ஓகே" என்று சொல்லும் இடங்கள் இதனால் பாதியாகக் குறையும்.

முதலில் யார் கட்டப்படுவது? கணவர்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். அல்லது இருவரில் யாருக்குக் கட்டும் ஆசை அதிகமோ அவர். கயிறு எங்கே வெட்டுகிறது, ஐந்து நிமிடம் எவ்வளவு நீளமானது, "இன்னும் கொஞ்சம்தான்" என்ற வார்த்தை எவ்வளவு எரிச்சல் தரும் என்பதெல்லாம் தன் கையில் தெரிந்தவருக்குத்தான் மற்றவர் கையைக் கட்டும் பக்குவம் வரும்.

கற்றுத் தரும் முதல் கட்டு ஒற்றைக் கையைச் சுற்றியது. கயிற்றைச் சரிபாதியாக மடித்து, மடிந்த நடுப்பகுதியைக் கையில் பிடிக்க வேண்டும். இனி எல்லாம் இரட்டைக் கயிறாகவே ஓடும். மணிக்கட்டு எலும்பின் மேலேயோ மடிப்பின் மேலேயோ அல்ல, அதிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி முழங்கை பக்கமாகச் சுற்றத் தொடங்குங்கள். இரண்டு சுற்று. 6 மில்லிமீட்டர் கயிறு நாலு வரிசை பக்கத்தில் பக்கத்தில் படிந்தால் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் அகலப் பட்டை கிடைக்கிறது. அழுத்தம் அந்த அகலம் முழுக்கப் பரவும். ஒரு வரிசை இன்னொன்றின் மேல் ஏறினால் அந்த ஏறிய புள்ளியில் மொத்த அழுத்தமும் விழும். ஏறினால் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

சுற்றியபின் உங்கள் ஆள்காட்டி விரலைக் கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு முழு வட்டமும் ஓட்டிப் பாருங்கள். விரல் தடையில்லாமல் போக வேண்டும். பிறகு மடிப்பு முனையை எல்லா வரிசைக்கும் மேலே கொண்டுபோய், அடியில் நுழைத்து, மேலே எடுத்து முடிச்சு. இங்கேதான் ஆசிரியர் முகத்தை நிமிர்த்திப் பார்ப்பார். சாதாரணமாக நாம் போடும் இரட்டை முடிச்சு, ஒரு முனையை மட்டும் வெடுக்கென்று இழுத்தால் உருவு சுருக்காக மாறிவிடக் கூடியது. அதனால்தான் பலர், இழுத்தாலும் சுற்று இறுகாத பௌலைன் வகை முடிச்சைச் சொல்லித் தருகிறார்கள். எந்த முடிச்சானாலும் பரிசோதனை ஒன்றுதான்: கட்டியபின் கயிற்றின் நீள முனையைப் பிடித்து நான்கு திசையிலும் இழுத்துப் பாருங்கள். கை நகரலாம், சுற்று இறுகவே கூடாது. இறுகினால் அது கட்டு அல்ல, கண்ணி.

தேக்கா பக்கம் பூக்கடையில் உட்கார்ந்து மல்லிகை தொடுப்பவர்களின் விரலைக் கவனித்திருப்பீர்கள்: காம்பு நழுவாத அளவு இறுக்கம், நசுங்காத அளவு தளர்வு, சரம் முழுக்க ஒரே கணக்கு. பூக்கட்டத் தெரிந்த கைகளுக்குக் கயிற்றின் இழுவிசை சட்டென்று பிடிபடும். வீட்டில் யாருக்கு அந்தப் பழக்கம் உண்டோ அவரே நல்ல கட்டுகாரர் ஆவார் என்பது என் ஊகம்.

நரம்பு: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

கயிற்றில் மிகுந்த ஆபத்து ரத்த ஓட்டத்தில் இல்லை, நரம்பில் இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்தால் கை முழுக்க நிறம் மாறும், குளிரும், ஊசி குத்தும். மெல்ல வரும், கண்ணுக்குத் தெரியும், தளர்த்தினால் சில நிமிடத்தில் சரியாகும். நரம்பு அப்படியில்லை. ஒரு விரலில் மட்டும் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இருக்கலாம், அல்லது வலியே இல்லாமல் வலு மட்டும் போய்விடலாம். நிறம் சாதாரணமாகவே இருக்கும்.

மூன்று இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மேற்கையின் வெளிப்பக்க நடுவில் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு சுற்றிக்கொண்டு போகிறது. அங்கே அழுத்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போகும். கையைப் பின்னால் கட்டி மார்பைச் சுற்றும் புகழ்பெற்ற கட்டுகளில் கயிறு போவது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். அதனால் அதை முதல் வகுப்பில் தொடாதீர்கள். இரண்டாவது, முழங்கையின் உட்பக்கம், இடித்துக்கொண்டால் சுரீரென்று ஏறுமே அது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் அதுதான் காரணம். மூன்றாவது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் கையில் தட்டுப்படும் எலும்பு முனை. அங்கே அழுத்தம் விழுந்தால் பாதத்தை மேலே தூக்க முடியாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் கயிறு வேண்டாம். கழுத்தில் எந்த நாளும், எந்தக் காரணத்துக்கும், விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

"ஓகேயா?" என்று கேட்டால் நம் வீடுகளில் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான். பொறுத்துக்கொள்வதையே நல்ல குணமாகச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம், அதிலும் பெண்கள். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "கட்டைவிரலை மேலே தூக்கு." "மணிக்கட்டை நிமிர்த்து." "விரலை விசிறி மாதிரி விரி." "என் விரலை இறுக்கிப் பிடி." கட்டும்முன் ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டால் பிறகு வித்தியாசம் தெரியும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள். முன்பு இருந்த வலு இப்போது இல்லை என்றால் காரணம் தேடாதீர்கள், உடனே அவிழ்த்துவிடுங்கள். தளர்த்திப் பார்ப்போம், இன்னும் ஒரு நிமிடம் பொறுப்போம் என்ற பேச்சே கிடையாது.

கட்டப்பட்டவரைத் தனியே விட்டுவிட்டு அறையை விட்டுப் போகக் கூடாது. வாசல் மணி அடித்தாலும் சரி, குழந்தை அழுதாலும் சரி, அவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அவிழ்ப்பது

கட்டுவதில் காட்டிய பொறுமையில் பாதியைக்கூட அவிழ்ப்பதில் பலர் காட்டுவதில்லை. நீளக் கயிற்றைத் தோல்மேல் சர்ரென்று உருவினால் சூடு படும். முனை முகத்தில் அடிக்கும். கடைசியில் கட்டியதை முதலில் அவிழ்த்து, ஒவ்வொரு சுற்றுக்கும் உங்கள் உள்ளங்கையைக் கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவரும்போது அவரே மெதுவாகக் கொண்டுவரட்டும். நீங்கள் இழுக்க வேண்டாம். தோலில் பதிந்த வரிகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் மறையும். திங்கள்கிழமை அலுவலகத்தில் அரைக்கைச் சட்டை போடுகிறவர்கள் ஞாயிறு இரவைத் தவிர்க்கலாம்.

அவிழ்த்தபின் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். போர்வை, தண்ணீர், இனிப்பாக ஏதாவது. சிலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், சிலருக்குத் தூக்கம் வரும். கட்டியவருக்கும் வரும். மறுநாள் தேநீர் குடிக்கும்போது "நேற்று எது பிடிச்சது, எது பிடிக்கலை?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள், அன்றே சொல்லாதது அப்போது வெளியே வரும்.

வீட்டில் பழகுவது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மாமியார் ஒரு அறையில், பிள்ளை ஒரு அறையில் என்று இருந்தால் முடிச்சுப் பழக்கத்தைத் தனியாகவே செய்யலாம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே உங்கள் தொடையிலோ, சுருட்டிய துண்டிலோ ஒற்றைக் கட்டைப் போட்டுப் போட்டு அவிழ்த்தால் விரலுக்கு மனப்பாடம் ஆகிவிடும். ஜோடியாகப் பழகும் நேரம் சிறிதாக இருக்கட்டும், 20 நிமிடம் தாராளம். தரையில் தடித்த விரிப்பு. ஓட்டுத் தரை முழங்காலைப் பதம் பார்த்துவிடும். குளிரூட்டி போட்ட அறையில் கை ஏற்கெனவே சில்லென்று இருந்தால் ரத்த ஓட்டத்தைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். நின்றுகொண்டு கட்டாதீர்கள், கை கட்டப்பட்டவர் மயங்கி விழுந்தால் ஊன்றிக்கொள்ளக் கை இருக்காது.

மின்விசிறிக் கொக்கி, கதவுச் சட்டத்தில் மாட்டும் உடற்பயிற்சிக் கம்பி, துணி காயப்போடும் கம்பு, இரும்புக் கதவு ஆகிய எதிலும் ஆள் கட்டப்பட்ட கயிற்றை மாட்டக் கூடாது. அவை எதுவும் உதறும் உடம்பைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

கயிற்றுக்கு இந்த ஊரின் முதல் எதிரி ஈரம். மூடிய பெட்டியில் போட்டு அலமாரிக்கு அடியில் தள்ளினால் சணல் பூஞ்சை பிடித்துவிடும். பயன்படுத்தியதும் விரித்துக் காற்றாட விட்டு, வியர்வை காய்ந்தபின், துளையுள்ள பருத்திப் பையில் ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். தண்ணீரில் அலசினால் நார் பலமிழக்கும், முறுக்கும் கெடும். வறண்டு சொரசொரத்தால் ஹோஹோபா எண்ணெய் சில துளி உள்ளங்கையில் தேய்த்து, கயிற்றை அதன் வழியே உருவுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை வரும்.

ஏதாவது ஆகிவிட்டால்

மயக்கம் வந்தால் தரையில் சாய்த்து, கயிற்றை அவிழ்த்து அல்லது வெட்டி, காலைச் சற்று உயர்த்துங்கள். கயிறு விலை உயர்ந்ததாயிற்றே என்று முடிச்சோடு போராட வேண்டாம். நினைவு திரும்பாவிட்டால், மூச்சு சரியில்லை என்றால், அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள். கை அல்லது பாதம் வலுவிழந்து, அவிழ்த்தபின்னும் சரியாகாவிட்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். லேசான அழுத்தம் சில மணியிலோ சில நாளிலோ தானாகத் தெளியும். சில பாதிப்புகளுக்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "கயிறு இந்த இடத்தில், இத்தனை நிமிடம் இருந்தது" என்றால் அவருக்குப் போதும். அவர் இதைவிட விசித்திரமானவற்றை அன்று காலையிலேயே கேட்டிருப்பார். முழுதாகத் தெளியும்வரை அந்தக் கையில் கயிறு படக்கூடாது.

அடுத்த வகுப்புகளில்

இரண்டாவது வகுப்பில் இரு கைகளைச் சேர்த்துக் கட்டும் முறையும், ஆளை மாற்றிக் கட்டுவதும் வர வேண்டும். மூன்றாவதில் கணுக்காலும் தொடையும். தொங்கும் கட்டைப் பற்றி ஆசிரியரே பேச்செடுத்தால், தரைக் கட்டுகளில் எத்தனை மாதம் பழகியவர்களுக்கு அதைத் தொடங்குவார் என்று கேளுங்கள். "உங்களுக்குத் திறமை இருக்கிறது, இப்போதே ஆரம்பிக்கலாம்" என்ற பதில் வந்தால் அன்றைய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, உங்கள் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.